வலிப்பும் வகுப்பறையும்

(விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டம், வல்லம் ஒன்றிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘மூளை நோய்களின் மூலக்கூறு, மரபணு அடிப்படையும் சிகிச்சையும்’. ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்கக்கூடிய தலைப்பு இல்லை. ஆகவே மூளை நோய்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நம் வகுப்பறைக்குள் நம் கண் முன்னால் வந்து நிற்கும் நோய் அது. வலிப்பு.

ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி. நன்றாக எழுதுவாள். ஆனால் பாடம் நடக்கும்போது திடீரென்று அப்படியே நின்றுவிடுவாள். வாசித்துக்கொண்டிருந்தால் வரியின் நடுவில் நிறுத்துவாள். கண் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். இமை லேசாகத் துடிக்கும். பத்து விநாடி கழித்து, எதுவும் நடக்காதது போல மேலே தொடர்வாள். “எங்கே போயிட்டே?” என்று கேட்பேன். விழிப்பாள். நான் அவளுக்குக் ‘கனவுக்காரி’ என்று பெயர் வைத்தேன். வகுப்பே சிரித்தது. ஒருமுறை சாக்பீஸ் துண்டை எறிந்தேன். ஒருமுறை அரை மணி நேரம் நிற்க வைத்தேன்.

அந்த ஆண்டு பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவில் இருந்த மருத்துவரிடம், “இந்தப் பிள்ளைக்குக் காது கேட்குதான்னு பாருங்க” என்றேன். அவர் காதைப் பார்த்தார். பிறகு காகிதக் காற்றாடி ஒன்றைக் கையில் கொடுத்து, “நிறுத்தாம ஊதிக்கிட்டே இரும்மா” என்றார். இரண்டு நிமிடம் ஊதியிருப்பாள். காற்றாடி நின்றது. அவளும் அதே பார்வையோடு நின்றாள். மருத்துவர் என் பக்கம் திரும்பி, “சார், இது வலிப்பு” என்றார்.

கீழே விழவில்லை, கைகால் வெட்டவில்லை, நுரை தள்ளவில்லை. ஆனாலும் அது வலிப்பு. ஒரு நாளைக்குப் பலமுறை அவளுக்கு வந்துகொண்டிருந்தது. ஓராண்டாக நான் அதற்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நம் பள்ளியில் எத்தனை பேர்?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. தென்னிந்தியாவில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்குகளும் உண்டு. கர்நாடகத்தின் எளந்தூர்ப் பகுதியில் மருத்துவர் கே.எஸ். மணி குழுவினர் எடுத்த கணக்கும், நம் பக்கத்திலிருக்கும் வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் எடுத்த கணக்கும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. ஆயிரம் பேருக்கு நான்கைந்து பேர். அப்படியானால் 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளையாவது இருக்க வாய்ப்பு உண்டு. “எங்கள் பள்ளியில் யாருமில்லை” என்று நாம் சொன்னால், பெற்றோர் மறைத்திருக்கலாம். அல்லது அந்தப் பிள்ளை ஏற்கெனவே பள்ளியை விட்டு நின்றிருக்கலாம். அல்லது என்னைப் போல நாமே பார்த்தும் அறியாமல் இருக்கலாம்.

கோட்டை வாயிலும் செல்லின் வாயிலும்

வலிப்பு என்பது என்ன? நம் ஊர்க் கோட்டையை வைத்தே சொல்கிறேன். செஞ்சியில் ராஜகிரி ஏறியிருப்பீர்கள், மாணவர்களையும் அழைத்துச் சென்றிருப்பீர்கள். வாயிலுக்குப் பின் வாயிலாகக் கடந்துதான் உச்சிக்குப் போக வேண்டும். கோட்டையின் பாதுகாப்பு மதிலில் மட்டும் இல்லை. எந்த வாயில் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் மூட வேண்டும் என்ற ஒழுங்கிலும் இருந்தது.

மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு கோட்டை. அதன் மதில், செல் சவ்வு. சவ்வுக்கு வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறக்கும். அயனிகள் உள்ளே பாயும். ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அந்த வாயில்கள் தாமாக மூடிக்கொள்ளும். அடுத்துப் பொட்டாசியம் வாயில்கள் திறந்து பழைய நிலையைக் கொண்டுவரும். நாம் நரம்புத் தூண்டல் என்று நடத்தும் பாடம் இதுதான். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து 1952-இல் விளக்கிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு நியூரானின் செய்தி அடுத்ததற்குப் போவது சினாப்ஸ் வழியாக. அங்கே இரண்டு வகை வேதிப்பொருள்கள் முக்கியமானவை. குளூட்டமேட் ‘கிளம்பு’ என்று சொல்லும். காபா ‘பொறு’ என்று சொல்லும். இரண்டும் சமமாக இருக்கும்வரை மூளை தன் வேலையைச் செய்யும். வாயில்கள் மூடத் தாமதமானாலோ, ‘கிளம்பு’ மிகுந்தாலோ, ‘பொறு’ குறைந்தாலோ ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் மின்துடிப்பை வெளியிடத் தொடங்கும். அந்த நேரத்து மின் கொந்தளிப்பே வலிப்பு. அது மூளையின் எந்தப் பகுதியில் எழுகிறதோ அதற்கேற்பக் கை வெட்டும், பார்வை நிலைக்கும், சம்பந்தமில்லாத பேச்சு வரும், அல்லது உடல் முழுவதும் விறைத்து உதறும்.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்டார். அதன் பிறகு இந்தக் கொந்தளிப்பைத் தாளில் பார்க்க முடிந்தது. நான் சொன்ன சிறுமிக்கு எடுத்த இ.இ.ஜி. பதிவிலும் அந்தப் பத்து விநாடிக்கு விநாடிக்கு மூன்று அலை வீதம் கோடு ஏறி இறங்கியிருந்தது. வலிப்பு மூளையின் மின்சாரத்தில் நடப்பது. பேயோ சாபமோ அல்ல, தொற்றுநோயும் அல்ல. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஒட்டாது.

மரபணு எங்கே வருகிறது?

அந்த வாயில்கள் புரதத்தால் ஆனவை. புரதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. குறிப்பில் ஓர் எழுத்து மாறினால் வாயிலின் கீல் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் குரோமோசோமில் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணு இருக்கிறது. சுமார் 2,000 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சோடியம் வாயிலுக்கான குறிப்பு அதில் உள்ளது. பிரான்சு நாட்டு மருத்துவர் சார்லட் டிராவே 1978-இல் ஒரு கடும் வலிப்பு நோயை விவரித்தார். பிறந்த முதல் ஆண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கும். பிறகு குழந்தையின் வளர்ச்சியும் பின்தங்கும். அதற்கு இந்த மரபணுவில் ஏற்படும் சடுதி மாற்றமே காரணம் என்று 2001-இல் கண்டறிந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டிராவே நோயில் சோடியம் வாயில் சரியாகத் திறப்பதில்லை. சோடியம் உள்ளே போகாவிட்டால் வலிப்பு குறையத்தானே வேண்டும்? இல்லை. ஏனென்றால் அந்த வாயில்கள் மிகுதியாக இருப்பது ‘பொறு’ என்று சொல்லும் நியூரான்களில். காவலர் தூங்கிவிட்டால் கூட்டம் கட்டுமீறுவது போல, அடக்கும் நியூரான் ஓய்ந்தால் மற்றவை கொந்தளிக்கின்றன. ஆகவே பல வலிப்புகளை அடக்கும் கார்பமசெபின் போன்ற சோடியம் வாயிலை மூடும் மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு நோயைக் கூட்டிவிடும். எந்த மரபணு என்று தெரிந்தால்தான் எந்த மருந்தைத் தவிர்ப்பது என்று தெரியும்.

இன்னொன்று. மூளைக்குள் குளூக்கோசை அனுப்பும் வாயிற்புரதம் ஒன்று குறைபட்டாலும் வலிப்பு வரும். 1991-இல் விவரிக்கப்பட்ட இந்தக் குறைபாட்டுக்கு முதன்மைச் சிகிச்சை உணவுதான். மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவை மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பார்கள். கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் வேறு வாயில் வழியாக மூளைக்குள் சென்று எரிபொருளாகும். ஒரு வாயில் அடைபட்டால் இன்னொரு வாயில் வழியாக உணவு அனுப்புவதுதான் அங்கே வைத்தியம்.

தலைக்கு ஊற்றும் வெந்நீர்

இனி நம் தென்னிந்தியாவுக்கே உரியது என்று சொல்லத்தக்க ஒரு வலிப்பு. உலகின் பிற இடங்களில் மிக அரிது. இங்கே, குறிப்பாகக் கர்நாடகத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும், சாதாரணமாகப் பார்க்கப்படுவது. வெந்நீர் வலிப்பு.

முதலில் 1945-இல் நியூசிலாந்தில் ஒருவருக்கு இருந்ததாக எழுதப்பட்டது. பிறகு இந்தியாவிலிருந்து வரிசையாக வந்தன. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர் சதீஷ்சந்திரா குழுவினர் 1988-இல் 279 பேரைப் பற்றி எழுதினார்கள். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மிகுதியாக வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். நம் ஊர்க் குளியல் முறை உங்களுக்குத் தெரியும். அண்டாவில் விறகு போட்டுக் காய்ச்சிய வெந்நீர், சொம்பு சொம்பாக, இடைவிடாமல் உச்சந்தலையில். அப்போதுதான் வருகிறது. பார்வை நிலைக்கும், பயந்தது போல முகம் மாறும், பொருந்தாத பேச்சு வரும், சிலருக்கு உடல் முழுவதும் வெட்டும். சிலர் அந்த நேரத்தில் ஒருவித இன்பம் கண்டு, மேலும் மேலும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் உண்டு.

ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதைப் பார்த்து மரபணுத் தேடல் தொடங்கியது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழுவும் நிமான்ஸ் மருத்துவர்களும் சேர்ந்து செய்த வேலை இது. தலைமுறை தலைமுறையாக இந்நோய் வரும் குடும்பங்களின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்து, 10-ஆம் குரோமோசோமிலும் 4-ஆம் குரோமோசோமிலும் இதற்குத் தொடர்புள்ள பகுதிகள் இருப்பதை 2009-இல் வெளியிட்டார்கள். 2017-இல், எஸ்.எல்.சி.1ஏ1 என்ற மரபணுவில் சில நோயாளிகளிடம் அரிய மாற்றங்கள் இருப்பதைக் கண்டார்கள். அந்த மரபணு தரும் புரதத்தின் வேலை, நான் முன்பு சொன்ன ‘கிளம்பு’ வேதிப்பொருளான குளூட்டமேட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்வது. இழுக்கும் வேலை குறைந்தால் குளூட்டமேட் தேங்கும், கொந்தளிப்புக்கு வழி ஏற்படும். இதற்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று முடிவாகிவிடவில்லை. ஆனால் திசை தெரிந்திருக்கிறது.

சிகிச்சையோ எளிது. வெதுவெதுப்பான நீர், தலையில் வேகமாக ஊற்றாமல் துணியை நனைத்துத் துடைப்பது. அதுவே பலருக்குப் போதும். போதாதவர்களுக்குக் குளிப்பதற்குச் சற்று முன்பு காபாவின் வேலையைக் கூட்டும் குளோபசாம் மாத்திரையை மருத்துவர் கொடுப்பார். ஆகவே ஒரு பெற்றோர் வந்து, “எண்ணெய் தேய்ச்சுத் தலைக்கு ஊத்துனா மட்டும் புள்ளைக்கு ஏதோ அடிக்குது சார்” என்று சொன்னால், நீங்கள் அதைச் சிரித்துத் தள்ளாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோயறிதல் இருக்கிறது.

“யாருகிட்டேருந்து வந்தது?”

என் மாணவியின் தாய் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேட்கும்போதே அவர் குரலில் குற்றவுணர்வு இருந்தது. வீட்டில் யாரோ ஏற்கெனவே அவரைக் குற்றம் சொல்லியிருந்தார்கள். மரபணு என்ற சொல்லை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் அது தாய்மார் மீது விழும் புதிய பழியாகிவிடும். ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மரபணு சார்ந்த வலிப்பு எல்லாமே பெற்றோரிடமிருந்து வருவதில்லை. டிராவே நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தச் சடுதி மாற்றம் புதிதாக ஏற்பட்டது. தாயிடமும் இருக்காது, தந்தையிடமும் இருக்காது. எவரும் செய்த தவறு அல்ல. வெந்நீர் வலிப்பு உள்ள சில குடும்பங்களில் ஓங்கு பண்பாக வருகிறது. பெற்றோர் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வரலாம். சிறுவயதுப் பார்வை நிலைக்கும் வலிப்பு போன்றவற்றில் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வகிக்கின்றன. அங்கே ஒருவரைச் சுட்டிக்காட்டுவதே முடியாது.

ஒடுங்கு பண்பாக வருபவையும் உண்டு. அவற்றில் லஃபோரா நோய் கொடியது. நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வளரிளம் பருவத்தில் வலிப்பும் திடுக்கிடும் உதறலும் தொடங்கும், பிறகு நினைவும் பேச்சும் நடையும் குறையும். 1911-இல் விவரிக்கப்பட்டது. காரணமான இரு மரபணுக்கள் 1998-இலும் 2003-இலும் கண்டறியப்பட்டன. செல்லுக்குள் சர்க்கரைச் சேமிப்புப் பொருளான கிளைக்கோஜன் ஒழுங்கின்றிக் கட்டிகட்டியாகச் சேர்வதே கோளாறு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இதைப் பற்றித் தொடர்ந்து ஆய்வு நடக்கிறது. இன்னும் தீர்க்கும் மருந்து இல்லை. இத்தகைய நோய் வர, தாய், தந்தை இருவரிடமும் அதே மரபணுவில் மாற்றம் மறைந்திருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் ஆகியோரின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானவை. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. சொந்தத்தில் திருமணம் செய்த எல்லோருக்கும் நோயுள்ள பிள்ளை பிறந்துவிடாது. பெரும்பாலோர்க்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. ஆனால் வாய்ப்புக் கூடுகிறது என்பது கணக்கு. மெண்டல் பாடம் நடத்தும்போது பட்டாணியோடு நிறுத்தாமல் இதையும் சொன்னால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பேசுவார்கள்.

மரபணுவுக்குத் தொடர்பே இல்லாத வலிப்பும் ஏராளம். பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், தலைக்கவசமில்லாமல் விழுந்த அடி ஆகியவை காரணமாகலாம். வேலூர் ஆய்வில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணமாக இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளநிலை. மூளையில் சிறு கட்டியாகத் தங்கி வலிப்பைத் தூண்டும். பன்றி இறைச்சி உண்ணாதவர்க்கும் இது வரும். புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை கையிலோ காய்கறியிலோ தண்ணீரிலோ கலந்து வாய்க்குள் போனால் போதும். சத்துணவுக்கு முன்பு பிள்ளைகளைச் சோப்பு போட்டுக் கை கழுவ வைக்கிறோமே, அது வலிப்பைத் தடுக்கும் வேலையும்தான்.

மருந்து செய்யும் வேலை

வலிப்புக்கு 1912-இல் பயன்படத் தொடங்கிய ஃபீனோபார்பிட்டோன் காபாவின் ‘பொறு’ என்ற குரலை உயர்த்துகிறது. 1938-இல் வந்த ஃபெனிடோயினும் பிறகு வந்த கார்பமசெபினும் ஓயாமல் திறந்து மூடும் சோடியம் வாயில்களைப் பிடித்து நிறுத்துகின்றன. அமைதியாக இயங்கும் வாயில்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. பார்வை நிலைக்கும் வலிப்புக்குக் கொடுக்கும் எத்தோசக்சிமைடு வேறொரு வாயிலை, கால்சியம் வாயிலை, கட்டுப்படுத்துகிறது. அந்த வலிப்புக்குக் கார்பமசெபின் கொடுத்தால் கூடிவிடவும் வாய்ப்பு உண்டு. ஆகவே, “பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்ட மாத்திரை” என்று வாங்கிக் கொடுக்கக் கூடாது.

சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் அடிப்படை மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடை, மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். “மேல்மலையனூருக்குப் போய் வேண்டிக்கிட்டோம், மாத்திரையை விட்டுட்டோம்” என்று ஒரு பெற்றோர் சொன்னால் கோபப்படாதீர்கள். “அம்மனை வேண்டிக்கிறது உங்க மனசுக்கு நல்லதும்மா, மாத்திரையும் கூடவே இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். கேட்பார்கள்.

மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் உடலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதற்கும் மரபணுக் காரணம் உண்டு. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்க்குக் கார்பமசெபின் தோலை உரித்துவிடும் கொடிய ஒவ்வாமையைத் தரக்கூடும் என்று 2004-இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். இந்தியர் சிலரிடமும் இந்த வகை இருக்கிறது. இன்னொன்று, சில மருந்துகள் தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். மாத்திரை சாப்பிடும் பிள்ளை முதல் பாடவேளையில் தலை சாய்த்தால், ‘சோம்பேறி’ என்று சொல்லாமல் பெற்றோரிடம் அதைத் தெரிவியுங்கள். மருத்துவர் அளவையோ நேரத்தையோ மாற்றிக் கொடுப்பார்.

வகுப்பறையில் வலிப்பு வந்தால்

பதற்றம் வேண்டாம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். கையில் சாவிக்கொத்தைத் திணித்தால் நின்றது என்று நாம் நம்புவதற்குக் காரணம் அதுதான். நாம் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அது நிற்கும் நேரம் வந்துவிடுகிறது. செல்லின் வாயிலை இரும்புச் சாவி மூடாது. விறைத்த கையில் கூர்மையான இரும்பைத் திணித்தால் காயம்தான் மிச்சம்.

செய்ய வேண்டியவை இவை:

• உடனே கடிகாரத்தைப் பாருங்கள்.

• பக்கத்திலிருக்கும் மேசை, நாற்காலியை நகர்த்துங்கள். தலைக்கடியில் துண்டையோ பையையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்.

• உதறலை அடக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

• முடிந்தவுடன் ஒருபக்கமாகப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும். முழு நினைவு வரும்வரை கூடவே இருங்கள்.

• ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, அதுவே முதல் முறை என்றாலோ 108-ஐ அழையுங்கள்.

இன்னொரு கடமை மற்ற பிள்ளைகளைப் பற்றியது. வலிப்பு வந்த பிள்ளைக்குச் சிறுநீர் பிரிந்திருக்கலாம். கூட்டத்தை விலக்கி, ஒரு துணியால் மூடுங்கள். விழிக்கும்போது அது முதலில் பார்ப்பது நாற்பது முகங்களாக இருக்க வேண்டாம். உங்கள் முகம் மட்டும் போதும். பிறகு வகுப்பிடம் இரண்டே வாக்கியம்: “மூளையில் மின்சாரம் கொஞ்ச நேரம் அதிகமாயிடுச்சு, இப்போ சரியாயிடுச்சு. இது யாருக்கும் ஒட்டாது.”

நாம் எழுதும் குறிப்பு

வலிப்பு வந்த நேரத்தில் மருத்துவர் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதில்லை. நாம்தான் இருக்கிறோம். எந்தப் பக்கக் கை முதலில் வெட்டியது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், அதற்கு முன் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது, காய்ச்சல் இருந்ததா, காலையில் சாப்பிட்டதா? இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அவர்கள் போகும்போது, எந்த வகை வலிப்பு, எந்த மருந்து என்று முடிவுசெய்ய அந்தத் தாள் உதவும். பள்ளிக்கு வரும் தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவின் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. ஐயம் உள்ள பிள்ளையின் பெயரை அவர்கள் வரும் நாளுக்கு முன்பே குறித்து வையுங்கள். இல்லம் சார்ந்த கல்வி பெறும் பிள்ளைகளைப் பார்க்கும் சிறப்பாசிரியர்கள், மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

விளையாட்டிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் இந்தப் பிள்ளைகளை விலக்கிவிடாதீர்கள். கிணற்றில் நீந்துவது, மரமேறுவது, தனியே அடுப்பருகே நிற்பது ஆகியவற்றில் மட்டும் எச்சரிக்கை. மற்றபடி ஓடட்டும், ஆடட்டும். பெண் பிள்ளை என்றால், “கல்யாணம் ஆகாதே” என்ற பயத்தில் பெற்றோர் நோயை மறைப்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பை ஒரு தடையாக வைத்திருந்த பகுதி 1999-இல் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்டுவிட்டதை ஊர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

என் மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அந்தப் பத்து விநாடிகள் குறைந்தன. ஆண்டு இறுதிக்குள் நின்றுவிட்டன. ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், “உனக்கு நான் வைத்த பெயர் தப்பும்மா” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து, அன்றைய பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தாமல் வாசித்தாள். 

நாளைக் காலை நீங்கள் வகுப்புக்குள் போகும்போது, கவனிக்காத பிள்ளை என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கும் பிள்ளையை ஒரு வாரம் மட்டும் புதிதாகப் பாருங்கள். பெரும்பாலும் அது வெறும் விளையாட்டுத்தனமாகவே இருக்கும். ஒருவருக்காவது அப்படி இல்லை என்று தெரிந்தால், இந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை.